46 வயதில் வேலையும் ஊரும் சேர்ந்தே மாறலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 46, படிப்பு பி.இ. மெக்கானிக்கல். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 23 வருடமாக டிசைன் பிரிவில் வேலை. கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி ‘ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்’ (தொழில் அனுபவத்தை வைத்துத் தரும் பேராசிரியர் பதவி) பதவிக்குக் கூப்பிடுகிறது. கைக்கு வருவது மாதம் 1,20,000 ரூபாயிலிருந்து 75,000 ஆகக் குறையும். மனைவி சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் 11 வருடமாக ஆசிரியை. மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். கூடவே இருக்கும் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. ஜூனில் எல்லோருமாகக் கிளம்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். யோசித்து யோசித்து இரண்டு வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கல்லூரி சில விஷயங்களை எழுதித் தந்தால் நீங்கள் போகலாம். குடும்பம் ஜூனில் போக வேண்டாம். வேலையை மாற்றுவது ஒரு முடிவு, குடும்பத்தோடு ஊரை மாற்றுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருப்பதால்தான் எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகுகிறது. தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நடு வயதில் வேலை மாறியவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் புதிய வேலை இல்லை. அதே மாதத்தில் வீடு, பள்ளி, மனைவியின் வேலை, அம்மாவின் டாக்டர் எல்லாமே சேர்ந்து மாறியதுதான்.

உங்கள் தூக்கம் கெட்டதற்கு நீங்கள் மனம் தளர்ந்தவர் என்று அர்த்தமில்லை. 1967இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் 43க்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பது 100. அதிலிருந்து கீழே இறங்கும். உங்கள் ஜூன் திட்டத்தை அதில் வைத்துப் பாருங்கள். வேறு துறைக்கு மாறுவது 36, பண நிலை மாறுவது 38, மனைவி வேலையை விடுவது 26, வாழும் சூழல் மாறுவது 25, வேலை நேரம் மாறுவது 20, வீடு மாறுவது 20, பள்ளி மாறுவது 20, நட்பு வட்டம் மாறுவது 18, தூக்கம் மாறுவது 16, சாப்பாடு மாறுவது 15. கூட்டினால் 234. ஒரே ஆண்டில் 150ஐத் தாண்டினால் உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடும் என்பதும், 300ஐத் தாண்டினால் மிகவும் கூடும் என்பதும் அவர்கள் கணக்கு. நம் ஊருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுமை கூடிக்கொண்டே போகும் என்ற அடிப்படை சரி. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடியதுதான், பத்தும் ஒரே மாதத்தில் வருவதுதான் கனம்.

நீங்கள் மட்டும் முதலில் போனால் உங்கள் கணக்கில் மனைவியின் வேலையும் பள்ளியும் கழிந்து 188 ஆகும். அது பெரிய குறைவு இல்லைதான். ஆனால் மனைவிக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் அந்த வருடம் பெரும்பாலும் பழையபடியே ஓடும். இந்த மாற்றத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற மூவரும் தேர்ந்தெடுக்கவில்லை. விரும்பிப் போகிறவருக்கு ஒரு உற்சாகம் கைகொடுக்கும், கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர்களுக்கு அது இருக்காது.

இப்போது வேலைக்கு வருகிறேன். ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ் என்பது 2022இல் யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த வழிமுறை. குறைந்தது 15 வருடம் தொழிலில் உயர் பொறுப்பில் இருந்தவர்களை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் கல்லூரிக்குக் கொண்டுவருவதற்கு ஏற்பட்டது. நல்ல நோக்கம். உங்களைப் போன்றவருக்குப் பொருந்தும். ஆனால் அது நிரந்தரப் பணியிடம் இல்லை. முதலில் அதிகபட்சம் ஓர் ஆண்டு, அப்புறம் நீட்டிப்பு. ஒரு கல்லூரியில் மொத்தம் மூன்று ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஓர் ஆண்டு. நான்குக்கு மேல் கிடையாது. உங்களுக்கு அது 50 வயதில் முடியும். அப்போது மகள் கல்லூரியில் இருப்பாள். இந்தக் கணக்கு உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, கல்லூரியும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 23 வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு நான்கு வருடம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அந்தத் தேதிக்குப் பிறகு கல்லூரியிலேயே நிலைக்க வேண்டுமென்றால் உதவிப் பேராசிரியராக வர வேண்டும். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதிப்படி அதற்கு எம்.இ. வேண்டும், பி.இ. அல்லது எம்.இ. இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பும் வேண்டும். உங்களிடம் பி.இ. மட்டும் இருக்கிறது. ஆகவே ஆசிரியப் பணிதான் இனி என் வழி என்று முடிவு செய்தால், சேர்ந்த முதல் வருடமே வேலை பார்ப்பவர்களுக்கான எம்.இ. படிப்பில் இடம் பிடிக்க வேண்டும். மூன்றாவது வருடம் யோசிக்கலாம் என்று விட்டால் நேரம் போதாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது நம்பிக்கை தருவது. பதவி முடிந்தாலும் கோவையில் உங்கள் கைத்தொழிலுக்கு வேலை உண்டு. பம்பு, வார்ப்படம், ஜவுளி இயந்திரம், வாகன உதிரிபாகம் என்று கணபதி, குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் எங்கே பார்த்தாலும் பட்டறைகளும் தொழிற்சாலைகளும்தான். அனுபவமுள்ள டிசைன் ஆள் கிடைக்கவில்லை என்று அங்கே முதலாளிகள் குறைப்பட்டுக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் இருக்கும் வருடங்களில் மாணவர்களின் புராஜெக்ட் வேலையாகவே இந்த ஆலைகளுக்குள் போய்வரலாம். வேறு சில ஊர்களில் இந்த யோசனைக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கோவை என்பதால் போகலாம் என்கிறேன்.

கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா? பல இடங்களில் இந்தப் பதவிக்கு 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கட்டணமாகத் தருகிறார்கள். அப்படியென்றால் பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை கிடையாது, குழுக் காப்பீடும் பெரும்பாலும் கிடையாது. அப்போது 75,000 என்பது சம்பளமாக வரும் 75,000க்குச் சமம் இல்லை. இரண்டாவது, மே மாத விடுமுறையில் பணம் உண்டா? மூன்றாவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, வேறென்ன வேலை? என்பிஏ, நாக் போன்ற அமைப்புகள் கல்லூரிக்குத் தரச்சான்று தர வரும் பருவத்தில் கோப்பு வேலை மலைபோல வரும். சில தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்களையே மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பாடம் நடத்தத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு அது பெரிய ஏமாற்றமாகிவிடும். அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வையுங்கள் என்று கேட்டால், சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்பதை மட்டும் நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் வெளியே டீக்கடையில் நின்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் பல தன்னாட்சிக் கல்லூரிகளில் தொழில்துறையினர் வந்து நடத்தும் ‘ஒன் கிரெடிட்’ பாடம் இருக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரம், இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிந்துவிடும். ஜூனுக்கு முன் அதே கல்லூரியில் ஒன்றை நடத்தக் கேளுங்கள். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலை கோவை. சிறப்பு விருந்தினராகப் போய் ஒரு மணி நேரம் பேசுவது வேறு. அன்று எல்லோரும் கைதட்டுவார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி பெஞ்சில் நான்கு பேர் தூங்க, ஜியோமெட்ரிக் டாலரன்ஸை மூன்றாவது முறையாக வேறு விதமாக விளக்க வேண்டியிருக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை இன்னொரு வழி தேடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அதில் கிடைக்கும் பதில் யாரிடம் கேட்டாலும் கிடைக்காது. துறைத் தலைவர் உங்களைவிட வயதில் சிறியவராக இருக்கலாம். 20 பேருக்கு வேலை சொன்னவர் வினாத்தாள் எப்படி எடுப்பது என்று அவரிடம் கேட்டுக் கற்க வேண்டியிருக்கும். 46 வயதில் மறுபடி புதுமுகமாவது பலருக்குச் சம்பளக் குறைவைவிட அதிகமாக உறுத்துகிறது. இந்த வார இறுதிகளில் அதையும் கொஞ்சம் பழகிக்கொள்வீர்கள்.

பணம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 60,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கிராஜுவிட்டி 60,000 ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, அதை 23 வருடத்தால் பெருக்கினால் வருவது, சுமார் 7,96,000 ரூபாய். 20 லட்சம் வரை வரி இல்லை. வேலையை விட்ட 30 நாளுக்குள் தர வேண்டும். மாதம் 45,000 குறைகிறது, வருடத்துக்கு 5,40,000. செலவைக் குறைக்காமலே இருந்தாலும் கிராஜுவிட்டி ஒன்றரை வருடப் பள்ளத்தை நிரப்பும். அதனால் அந்தப் பணத்தை வீட்டுக்கடனில் போட்டுவிடாதீர்கள். கடன் குறையும், சரி. ஆனால் கையில் காசில்லாமல் புதிய வேலையில் உட்கார்ந்தால் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் தைரியம் போய்விடும். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) வைத்திருங்கள், கல்லூரி பிஎஃப் பிடித்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருடச் சேவையைத் தாண்டியதால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆனால் அதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் உயர்த்தியபோதே 15,000 ரூபாய்தான். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சென்னை வீட்டையும் இப்போது விற்க வேண்டாம். முதல் வருடம் குடும்பம் அதில்தான் இருக்கப் போகிறது.

காப்பீட்டைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு பெரும்பாலும் நின்றுவிடும். அம்மா அதில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். வேலையை விடும் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அப்படி மாறினால் இதுவரை இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் (ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காலம்) கழியும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். 65க்கு மேல் புதிய பாலிசிக்கு இருந்த வயது வரம்பு விதி 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சிபிஎஸ்இ ஒன்பதையும் பத்தையும் சேர்த்து இரண்டு வருடப் படிப்பாகத்தான் பார்க்கிறது. நேராகப் பத்தாம் வகுப்பில் இன்னொரு பள்ளியில் சேர்வதற்குப் பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற காரணமும் ஆவணமும் வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும். பிரின்சிபால் அறைக்கு வெளியே கோப்போடு உட்கார்ந்து கெஞ்சும் நிலை வரும். அதைவிட, 15 வயதில் பொதுத்தேர்வு ஆண்டில் சிநேகிதிகளைப் பிரிந்து போவது அவளுக்கு எவ்வளவு பெரியது என்று நாம் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பைச் சென்னையிலேயே முடிக்கட்டும். பதினொன்றாம் வகுப்பில் எப்படியும் குரூப் மாறும், வகுப்பு கலையும், பாதிப் பேர் வேறு பள்ளி போவார்கள். அப்போது ஊர் மாறுவது இயல்பாக இருக்கும். எந்தப் பள்ளி என்பதில் அவளுக்கும் ஒரு ஓட்டுக் கொடுங்கள். டிசம்பர் விடுமுறையில் கூட்டிப் போய் இரண்டு மூன்று பள்ளிகளைக் காட்டுங்கள்.

உங்கள் மனைவியின் வேலையை “அவளுக்கு எங்கே போனாலும் ஸ்கூல் கிடைக்கும்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கிறீர்கள். வேலை கிடைக்கும். 11 வருடத்தில் அந்தப் பள்ளியில் அவர் சம்பாதித்த மரியாதை கிடைக்காது. எந்த வகுப்பு என்று கேட்டு வாங்கும் நிலையிலிருந்து, கொடுத்த வகுப்பை எடுக்கும் நிலைக்குப் போவார். இதை அவரிடம் நேராகப் பேசுங்கள். ஒரு வருடம் கிடைத்தால் அவர் கோவையில் நிதானமாகத் தேடி, ஏப்ரலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பலாம். இன்னொன்று, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் போதும், அவருக்கு 11 ஆகிவிட்டது. பல பள்ளிகள் தாமாகச் சொல்வதில்லை. ராஜினாமா கொடுக்கும்போது கூடவே விண்ணப்பமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஊர் என்றால் தெருமுனை மருந்துக்கடைக்காரர், சாயந்தரம் கோவிலில் பார்க்கும் நான்கு பேர், பேர் சொல்லிக் கூப்பிடும் டாக்டர். இது போனால் வயதானவர்கள் சொல்ல மாட்டார்கள், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறையாவது பத்துப் பதினைந்து நாள் கோவையில் வந்து தங்கட்டும். நிரந்தரமாக வரும் முன்பே அங்கே ஒரு சர்க்கரை டாக்டரிடம் பழைய சீட்டுகளோடு ஒருமுறை காட்டிவிடுங்கள். அவசரத்தில் புது டாக்டரைத் தேடக் கூடாது.

ஓராண்டு பிரிந்திருப்பதிலும் கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு அடுப்பு, இரண்டு இடத்துச் செலவு, ஞாயிறு இரவு பெட்டியைத் தூக்கும்போது மகள் முகம். அதனால் முடியும் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு. தேதி இல்லாமல் ‘பார்த்துக்கலாம்’ என்று ஆரம்பித்த எத்தனையோ குடும்பங்கள் ஐந்து வருடம் அப்படியே ஓட்டியிருக்கின்றன. கோவையில் முதல் வருடம் வீடு எடுக்காதீர்கள், கல்லூரி விடுதி அறையோ மெஸ் உள்ள ஒரு அறையோ போதும். வார நாள் சாயந்தரங்களில் வீடு பாருங்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் தேட வேண்டாம், மகள் சேரப்போகும் பள்ளிக்குப் பக்கத்தில் தேடுங்கள். கோவையில் வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன் கேட்க வேண்டியது, நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பது. தெருவுக்குத் தெரு மாறும். அட்வான்ஸ் விஷயத்தில், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை மூன்று மாத வாடகைதான் என்கிறது. பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புது ஊரில் முதல் மாதம் உற்சாகத்திலேயே போய்விடும். நான் பார்த்தவரை இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் ‘ஏன் வந்தோம்’ என்ற கேள்வி வரும். மகிழ்ச்சியாக நிலைத்தவர்களுக்கும் அது வந்திருக்கிறது. அந்த மாதங்களில் வேலையை விடும் முடிவும் வீடு வாங்கும் முடிவும் எடுக்காதீர்கள். இப்போதைய தூக்கமின்மைக்கு, முதலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, உங்களுக்கும் வயதாகிறது. இன்னும் இரண்டு வாரம் இதே நிலை என்றால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள்.

இந்த வாரம் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்பந்தக் காலம், சம்பளமா கட்டணமா என்பது, மே மாதப் பணம், வகுப்பு நேரம், மாணவர் சேர்க்கை வேலை உண்டா இல்லையா, இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். ஜூனுக்கு முன் ஒரு கிரெடிட் பாடம் நடத்த அனுமதியும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பதில் வரும் வரை தொழிற்சாலையில் ராஜினாமாவைப் பற்றி மூச்சு விட வேண்டாம். எழுதித் தர மறுத்தாலோ, “வாங்க சார், நேர்ல பேசிக்கலாம்” என்றே தள்ளிக்கொண்டு போனாலோ, இந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். சென்னையைச் சுற்றியும் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சனிக்கிழமை வகுப்பு ஒன்று எடுத்துக்கொண்டே எம்.இ.யை ஆரம்பியுங்கள். மூன்று வருடம் கழித்து, மகள் பன்னிரண்டு முடித்திருக்கும்போது, நீங்கள் நிரந்தரப் பணியிடத்துக்கே விண்ணப்பிக்கலாம்.